ஐந்தாவது பிள்ளை

அக்கா,

நேற்று மாலை உங்கள் வீட்டுக்கார அண்ணன் ஒரு பை அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சுங்கை ஆயர் தாவாரில் உங்கள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாராம். அந்தப் பக்கத்து வயல்களில் அறுவடை முடிந்து, ஆலையிலிருந்து நேராக வந்த புது அரிசி. பையின் வாயைப் பிரித்ததும் தவிட்டு வாடை அடுப்படி முழுக்கப் பரவியது. புது அரிசிக்குத் தனி வாசம் உண்டு என்று நீங்கள் முன்பு சொன்னபோது நான் நம்பவில்லை. "அரிசின்னா அரிசிதானேக்கா" என்றேன். "தோட்டத்துல பொறந்துட்டு இப்படிப் பேசுறியே, வெட்கமா இல்ல?" என்று சிரித்தீர்கள். எங்கள் ராசா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரும் எண்ணெய்க்கான செம்பனையும்தான், நெல்லை நான் எங்கே கண்டேன் என்று நானும் விடாமல் வாதாடினேன்.

தாம்பாளத்தில் கொட்டிக் கல் பார்க்க உட்கார்ந்தேன். கை அரிசியைத் தடவிச் சமப்படுத்தியது, விரல் தானாகப் போய் 'அ' போட்டது. அதற்குமேல் ஓடவில்லை. தட்டை அப்படியே மேசையில் தள்ளி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. போனவர்களைப் பற்றி நல்லதை மட்டும்தான் பேச வேண்டும் என்பார்கள். நம் இருவருக்கும் அப்படிப் பேசி வழக்கமில்லை.

புக்கிட் செந்தோசாவில் நம் வீடுகள் ஒரே வரிசையில் இருந்தும் நாம் பழகியது தமிழ்ப்பள்ளி வாசலில்தான். நம் இரண்டு பேரின் மகள்களும் முதலாம் ஆண்டு, ஒரே வகுப்பு. பள்ளி விடுகிற நேரத்தில் ஆசிரியை என்னைத் தேடிக்கொண்டு வெளியே வருவார். தர்ஷினி மேசைமேல் ஏறிவிட்டாள், பக்கத்துப் பையனின் நோட்டில் படம் போட்டுவிட்டாள், பாடம் நடக்கும்போதே எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள் என்று நாளுக்கு ஒன்று இருக்கும். மற்ற அம்மாக்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுல சொல்றேன் டீச்சர்" என்பேன். வீட்டில் நான் சொல்லாத நாள் உண்டா என்ன?

உங்கள் ரெபேக்கா ஒரு வம்புக்கும் போகமாட்டாள். சன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். வகுப்பே பலகையில் இருந்ததை எழுதி முடித்து ஓய்வுக்குப் போகும்போது அவள் நோட்டில் தேதி மட்டும் இருக்கும். "நல்ல பிள்ளை, கொஞ்சம் ஸ்லோ" என்று ஆசிரியை சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டு நீங்கள் என் பக்கம் வந்தீர்கள்.

"உனக்காவது தினமும் கம்ப்ளெயின் வருது. என் மக வகுப்புல இருக்கான்னே டீச்சருக்கு ஞாபகம் இருக்காது லா" என்றீர்கள்.

நான் சிரித்துவிட்டேன். பள்ளி வாசலில் நான் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் முறை.

அந்த வருடம் விஜயதசமிக்கு நான் தர்ஷினியைக் கோயிலுக்கு அழைத்துப்போனபோது நீங்களும் வேடிக்கை பார்க்க வந்தீர்கள். ஐயர் அவள் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தார். ஓரிடத்தில் நிற்காத பிள்ளை, அரிசியில் விரல் பட்டதும் அப்படியே நின்றாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, இவள் தட்டை விட்டு நகரமாட்டேன் என்கிறாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "உங்க சாமி நல்ல வைத்தியம் கண்டுபிடிச்சிருக்கு. அதை ஏன் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் செய்றீங்க?" என்று கேட்டீர்கள். மறுநாள் மாலை உங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு தாம்பாளம், இரண்டிலும் அரிசி.

அதற்குப் பிறகு வேலை நாள் மாலைகள் எல்லாம் நமக்கு அங்கேதான். நான் ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து வந்ததும் குளித்துவிட்டு நேரே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். தர்ஷினி நின்றுகொண்டேதான் எழுதுவாள். ஓர் எழுத்து எழுதினால் கேட் வரைக்கும் ஓடிவிட்டு வரலாம் என்று நீங்கள் சட்டம் போட்டீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. படிக்கும்போது என்ன ஓட்டம் என்றேன். "ஓடுறதுக்கு அனுமதி கிடைச்சா எழுதுறா. உனக்கு எழுதணுமா, உட்காரணுமா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல முடியாத மாதிரி கேட்பதில் உங்களுக்கு நிகர் கிடையாது.

ரெபேக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருப்பாள், ஆனால் ஆள் அங்கே இருக்கமாட்டாள். பாதி எழுத்தில் விரல் நின்றுவிடும், கண் எங்கோ இருக்கும். நான் ஒரு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "கூப்பிடாத. கூப்பிட்டா திடுக்கிட்டுப் போயிடுவா. தொட்டா போதும், தானா வந்துடுவா" என்று அவள் முழங்கையை ஒரு விரலால் தொட்டீர்கள். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுதினாள். சனிக்கிழமை அந்த அரிசியிலேயே கஞ்சி வைத்து, "எழுத்து மிதிச்ச அரிசி, சாப்பிடுங்க, புத்தி வரும்" என்று நம் நாலு பேருக்கும் ஊற்றுவீர்கள். தர்ஷினி 'அ'விலிருந்து 'ஔ' வரைக்கும் அந்தத் தாம்பாளத்தில்தான் கற்றாள். 'ழ' எழுதிய அன்று கேட் வரைக்கும் ஓடியவள் கேட்டையும் தாண்டித் தெருக்கோடிக்குப் போய்விட்டாள். நாம் இரண்டு பேரும் அவள் பின்னால் ஓடினோம்.

அங்கே உட்கார்ந்துதான் உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னீர்கள். தோட்டத்துப் பள்ளியில் அவருக்கு எழுத்து ஏறவில்லை என்று கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்களாம். பிறகு பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற, கடைக்குப் போக என்று அவருக்கு வேலைகள் வந்தன. ஆறாம் ஆண்டு முடித்து வெளியே வந்தபோது தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்திருந்தது. "யாரும் அவனை அடிக்கல, திட்டல. எல்லாரும் நல்லவங்கதான். தனியா உட்கார வெச்சாங்க, அப்புறம் மறந்துட்டாங்க" என்றீர்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பழைய காலத்துக் கதை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் ஆண்டில், படிப்பில் பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, பிள்ளையைக் கிளினிக்கில் காட்டுங்கள் என்றார். கிளினிக்கில் கடிதம் கொடுத்தார்கள், பெரிய மருத்துவமனையில் மாதக்கணக்கில் தள்ளி நாள் கொடுத்தார்கள். அதற்கும் என்னுடன் நீங்கள்தான் வந்தீர்கள். என் வீட்டுக்காரர் லோரி எடுத்துக்கொண்டு வடக்கே போயிருந்தார். கவனக்குறைவும் அமைதியின்மையும் சேர்ந்த ஒரு நிலை என்று டாக்டர் விளக்கினார். பிறவியிலேயே வருவது, வளர்ப்பால் வந்ததில்லை என்றார். நான் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். நீங்கள் தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் என்னை அணைத்தீர்கள். "இத்தனை நாள் பேர் இல்லாம இருந்துச்சு, இப்ப பேர் வெச்சுட்டாங்க. அவ்வளவுதான் லா. பிள்ளை ஒண்ணும் மாறிடல, பாரு" என்றீர்கள். தர்ஷினி அப்போது பக்கத்துக் காரின் கண்ணாடியில் தன் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுவரைக்கும் நமக்குள் ஒரு குறையும் இல்லை. இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம்.

டாக்டர் தர்ஷினிக்குச் சிறப்புக் கல்வி வகுப்பு நல்லது என்றார். அதில் சேர மாற்றுத் திறனாளிகளுக்கான கார்டு எடுக்க வேண்டும். கார்டு எடுக்க நான் தயங்கவில்லை. ஆனால் நம் தமிழ்ப்பள்ளியில் அந்த வகுப்பு கிடையாது, பக்கத்து மலாய்ப் பள்ளியில்தான் இருந்தது. தர்ஷினிக்கு மலாய் சுத்தமாக வராது. அரிசித் தட்டில் ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்து வைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, மறுபடியும் வேறு மொழியில் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். குறைந்தது ஐந்து பிள்ளைகள் கார்டோடு இருந்தால் நம் பள்ளியிலேயே வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். முதலில் கதவைச் சாத்தியவர்கள்கூடப் பிறகு கேட்டார்கள். நான்கு குடும்பங்கள் ஆனோம். ஐந்தாவது யார் என்று யாரும் யோசிக்கவே இல்லை. எல்லோர் மனதிலும் ரெபேக்காதான் இருந்தாள்.

பள்ளி நூலக அறையில் கூட்டம் போட்டபோது நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். தலைமையாசிரியர் உங்களைப் பார்த்து, "நீங்களும் மகளை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டீங்கன்னா வேலை சுலபமா முடிஞ்சிடும்" என்றார். நீங்கள், "பார்ப்போம் சார்" என்றீர்கள். வெளியே வரும்போது நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கையை விடுவிக்கவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அன்று இரவே மற்ற மூன்று குடும்பங்களுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கிளினிக்கில் ரெபேக்காவுக்கு நாள் கேட்டு வாங்கியதும் நான்தான்.

கிளினிக்குக்குப் போக வேண்டிய அன்று காலையில் உங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தேன். நீங்கள் நைட்டியோடு வெளியே வந்தீர்கள். ரெபேக்கா பள்ளிச் சீருடையில் பின்னால் நின்றாள்.

"நாங்க வரல" என்றீர்கள்.

"ஏன்க்கா, காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல. கார்டு வேணாம். நல்லா யோசிச்சுட்டேன்."

"டாக்டர் முதல்ல பார்க்கட்டும்க்கா. வேணுமா வேணாமான்னு அவங்கதானே சொல்லணும்."

"அவங்க என்ன சொல்வாங்கன்னு தெரியாமலே நீங்க எல்லாரும் அவ பேரை எழுதிட்டீங்க. அஞ்சு பேர் வேணும், நாலு பேர் இருக்கீங்க, அதுக்கு என் மக. அவளுக்கு வேணும்னா நான் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போவேன். உங்க வகுப்புக்கு ஆள் சேர்க்க கூட்டிட்டுப் போகமாட்டேன்."

"அப்ப என் பிள்ளை? தமிழ் இல்லாமப் போகட்டுமா?"

"உன் பிள்ளை எனக்கும் பிள்ளைதான் லா. அதுக்காக என் பிள்ளையைத் தனியா உட்கார வைக்கச் சொல்லாத."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் மகள் மட்டும் என்ன ஒழுங்கா என்றேன், அவள் காதுபடவே. அவள் அதைக் கேட்டாளா, அல்லது வழக்கம்போல வேறெங்கோ இருந்தாளா, தெரியவில்லை. நீங்கள் அவளை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினீர்கள். அந்த வாசலில் நான் அதற்குமுன் மூடிய கதவைப் பார்த்ததில்லை.

வகுப்பு வரவில்லை. ஐந்தாவது பிள்ளைக்கு வேறு இடத்தில் தேடினோம், கிடைக்கவில்லை. ஒரு குடும்பம் கிள்ளானுக்கு மாறிப்போனது, பிறகு எல்லாம் கலைந்துவிட்டது. அடுத்த வருடம் தர்ஷினி மலாய்ப் பள்ளிக்குப் போனாள்.

அங்கே அவள் கெட்டுப்போகவில்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு வாய்த்த மலாய் ஆசிரியை தங்கமான பெண். நம்மைப் போலவே அவரும் தர்ஷினியை ஓடவிட்டு ஓடவிட்டுத்தான் எழுத வைத்தார். இப்போது தர்ஷினி மலாய் நன்றாகப் படிக்கிறாள். இடைநிலைப்பள்ளியில் ரொட்டி, கேக் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள், அதில் அவள் கை சுத்தம். ஆனால் தமிழ் போய்விட்டது. பேசுவாள், படிக்கத் தெரியாது. கோயில் திருவிழாவில் பெரிதாகக் கட்டியிருக்கும் துணியைக் காட்டி, "அம்மா, அதுல என்னா எழுதியிருக்கு?" என்று கேட்பாள். அப்படிக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் பழியைத் தூக்கி உங்கள் தலையில்தான் போட்டேன். இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாம் பேசாமல் இருந்த விதத்தை நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, வேதனையும் வருகிறது. பேச்சுதான் நின்றதே தவிர பலகாரம் நிற்கவில்லை. தீபாவளிக்கு என் வீட்டு முறுக்கு உங்கள் வீட்டுக்குப் போனது, கிறிஸ்துமஸுக்கு உங்கள் கேக் வந்தது. பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பினோம். நம் ஆட்களுக்கு எவ்வளவு சண்டையிலும் பண்டிகைத் தட்டை நிறுத்த மனம் வராது. தட்டு போய் வருவதால் பெரிதாக ஒன்றும் முறிந்துவிடவில்லை என்று நானும் சமாதானம் செய்துகொண்டேன். ஒரேயடியாக முறிந்திருந்தால்கூட யாராவது இடையில் வந்து பேசி வைத்திருப்பார்கள். நமக்கு அந்த வாய்ப்பும் இல்லாமல் போனது.

ஒரு முறை பாசார் மாலாம் இரவுச் சந்தையில், அப்பம் வாங்கும் இடத்தில் நேருக்கு நேர் அகப்பட்டுக்கொண்டோம்.

"தர்ஷி நல்லா இருக்காளா?" என்றீர்கள்.

"இருக்கா."

"ஓடுறாளா இன்னும்?"

என் அப்பம் தயாராகிவிட்டது, வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். நீங்கள் அந்தக் கேள்வியைக் கிண்டலாகக் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நின்று, "ஓடுறாக்கா, மரத்துல வேற ஏறுறா" என்று சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். ரெபேக்காவைப் பற்றி நானும் கேட்டிருப்பேன். அங்கிருந்து பேச்சு தொடங்கியிருக்கும். அந்த அப்பம் ஆறிப்போனால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

போன வருடம் நீங்கள் குளியலறையில் விழுந்த செய்தியைத் தர்ஷினிதான் ஓடிவந்து சொன்னாள். ரத்த அழுத்தம் ஏறி மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். நான் மருத்துவமனைக்கு வந்தேன். உங்கள் வாயில் குழாய் இருந்தது, கண் திறக்கவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் போய்விட்டீர்கள். சண்டைபோட ஆள் இருக்கிறது, என்றைக்காவது போட்டு முடித்துக்கொள்ளலாம் என்று நான் தைரியமாக இருந்தேன். நீங்கள் இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

சுங்கை ஆயர் தாவாரில் உங்கள் ஊர்க் கல்லறையில் வைத்தார்கள். பாதிரியார் ரெபேக்காவிடம் வேதாகமத்தைக் கொடுத்து ஒரு பகுதியை வாசிக்கச் சொன்னார். அவள் நல்ல குரலில் தொடங்கினாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தண்ணீராக ஓடுகிறது, அக்கா. இரண்டு வரி போனதும் நின்றுவிட்டாள். துக்கம் தாங்காமல் நிறுத்திவிட்டாள் என்று நினைத்து எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். செம்பனை மரங்களுக்கு அந்தப் பக்கம் எங்கோ போயிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பெயர் சொல்லாமல் அவள் முழங்கையை ஒரு விரலால் தொட்டேன். விட்ட வரியிலிருந்து தொடர்ந்து வாசித்து முடித்தாள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரெபேக்காவுக்கு இடைநிலைப்பள்ளியில் எல்லாப் பாடமும் விழுகிறதாம். தமிழ்ப்பள்ளி வரைக்கும் தினமும் மாலையில் நீங்கள் கூடவே உட்கார்ந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இப்போது உட்கார ஆளில்லை. அங்குள்ள ஆசிரியர்கள் சோம்பேறி என்கிறார்களாம், அவளும் தன்னைச் சோம்பேறி என்றே சொல்கிறாளாம். "சிஸ்டர், அப்ப நீங்க சொன்னீங்களே, அந்த டாக்டர்..." என்று நிறுத்திக்கொண்டார். மறுநாளே கிளினிக்கில் நாள் கேட்டேன். இந்தத் தடவை அவளுக்காக மட்டும் கேட்டேன்.

போன வாரம் டாக்டர் முடிவு சொன்னார். சீனப் பெண்மணி, மலாயில் நிதானமாக விளக்கினார். இவளுக்கும் கவனக்குறைவுதான், ஆனால் ஓட்டமும் துள்ளலும் இல்லாத வகை. பெண் பிள்ளைகளிடம் இது வெளியே தெரியாமலே போய்விடும், சமர்த்து என்று விட்டுவிடுவார்கள் என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கார்டு எடுக்க வேண்டுமா, தனி வகுப்புக்கு மாற்ற வேண்டுமா என்று நான்தான் கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இவளுக்குத் தேவையில்லை என்றார். சாதாரண வகுப்பிலேயே படிக்கலாம். முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும், வேலையைச் சிறுசிறு பகுதியாகக் கொடுக்க வேண்டும், பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டுப் பார்க்கலாம், பள்ளிக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். மனம் வேறெங்கோ போகும்போது அதட்டாமல் மேசையை மெல்லத் தட்டினால் போதும் என்றும் சொன்னார். எட்டு வயதில் கொண்டுவந்திருந்தால் தனி வகுப்புக்கு அனுப்பியிருப்பீர்களா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அனுப்பியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன் என்றார். ஆனால் கொண்டுவந்திருந்தால் இத்தனை வருடம் இந்தப் பிள்ளை தன்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு வளர்ந்திருக்காது என்றார்.

கேட்டீர்களா, அக்கா? கார்டு வேண்டாம் என்றீர்கள், அது சரி. டாக்டர் பார்க்கட்டும் என்றேன், அதுவும் சரி. நாம் அன்றைக்குக் காரில் ஒன்றாகக் கிளம்பியிருந்தாலும் ரெபேக்காவுக்குக் கார்டு கொடுத்திருக்கமாட்டார்கள், என் வகுப்பு எப்படியும் வந்திருக்காது. தர்ஷினி எப்படியும் மலாய்ப் பள்ளிக்குத்தான் போயிருப்பாள். உங்கள்மேல் நான் போட்ட பழியில் பாதிக்கு மேல் உங்களுக்குச் சேராது. ரெபேக்காவுக்கு மட்டும் வேறு மாதிரி இருந்திருக்கும். நமக்கும் இருந்திருக்கும். எப்படியும் கிடைத்திருக்காத ஒரு வகுப்புக்காக நாம் இத்தனை மாலைகளை விட்டுவிட்டோம். டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்ததும் எனக்கு யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது. நேரே உங்கள் வீட்டுக்கு வந்து, "நீங்க சொன்னதுதான்க்கா சரி" என்று சொல்ல வேண்டும். உடனே, "ஆனா நானும் சரிதான்" என்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இரண்டாவதை ஒத்துக்கொண்டிருக்கமாட்டீர்கள். இருட்டும் வரைக்கும் சண்டை போட்டிருக்கலாம்.

திரும்பும்போது அண்ணன் காரை ஓட்டினார், நானும் ரெபேக்காவும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். ரவாங் தாண்டினோம். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, நான் சோம்பேறி இல்லன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"தெரியும். அதுக்காகத்தான் என்கூட அவ்வளவு சண்டை போட்டாங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். வீடு வரும் வரைக்கும் எழவில்லை.

நான் சொன்னது உண்மையா, அக்கா? உங்கள் தம்பி மாதிரி அவள் ஆகிவிடுவாளோ என்ற பயத்தில் மட்டும் மறுத்தீர்களா, இல்லை, அவளை முழுதாக அறிந்துதான் மறுத்தீர்களா? உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். இத்தனை வருடம் மூன்று வீடு தள்ளி இருந்தும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் மகளிடம் உண்மை என்று சொல்லிவிட்டேன், அவளும் நம்பிவிட்டாள். இனி அது உண்மைதான். அதை யாரும் பொய்யாக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.